லாகோஸ் தீவின் பழைய தெருக்களில் ஒரு வழிகாட்டி நடை: போய் வந்தவனின் மதிப்பீடு

நைஜீரியாவின் லாகோஸுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களில் பலர் இந்த ஊரைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கம்பெனி வீடு, கம்பெனி வண்டி, அப்பாப்பாவிலோ இகேஜாவிலோ அலுவலகம், ஞாயிறன்று விக்டோரியா தீவில் ஒரு சாப்பாடு. ஏகோ பாலத்தின் மேல் போகும்போது வண்டிக் கண்ணாடி வழியாகத் தெரியும் உயரமான கட்டடங்களும் நெரிசலும்தான் லாகோஸ் தீவு என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தீவுக்குள் இறங்கி நடந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் போனது ஒரு சின்ன உள்ளூர்க் குழு நடத்தும் நடைச் சுற்றுலா. வாட்ஸாப்பில் பேசிப் பதிவு செய்து, வங்கி வழியாகப் பணம் கட்டிவிட வேண்டும். விக்டோரியா தீவில் ஓரளவு நல்ல உணவகத்தில் ஒருவர் சாப்பிடும் செலவைவிடக் கட்டணம் குறைவு. ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் டினுபு சதுக்கத்தில் கூடுகிறோம், மதியத்துக்குள் ஃப்ரீடம் பார்க்கில் முடிகிறது. ஞாயிறைத் தேர்ந்தெடுத்தது ரொம்ப நல்ல யோசனை. மற்ற நாட்களில் பலோகுன் சந்தைக் கூட்டத்தில் உங்கள் காலடியைப் பார்த்து நடப்பதற்கே கண் போதாது. ஞாயிறன்று கடைகள் பூட்டியிருக்கும். தலையை நிமிர்த்திப் பழைய கட்டடங்களின் மாடியைப் பார்க்கலாம்.

வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. இங்கே மூத்த பெண்களை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய கொள்ளுத்தாத்தா பிரேசிலில் அடிமையாக இருந்து விடுபட்டு லாகோஸ் திரும்பியவர். தீவிலேயே பிறந்து வளர்ந்ததால் தெருவில் எதிர்ப்படும் பாதிப் பேர் அவருக்கு "ஏ காரோ மா" என்று காலை வணக்கம் சொல்கிறார்கள். சந்துகளில் காசு கேட்டுச் சூழ்ந்துகொள்ளும் இளைஞர்களிடம் அவர் இந்தப் பகுதி மக்களின் மொழியான யொரூபாவில் இரண்டு வார்த்தை பேசுவார், அவர்களும் சிரித்து வழிவிடுவார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. தனியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் இந்த அமைதி கிடைக்காது.

நான் இறக்குமதி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன். சரக்கு, கிடங்கு, வரி, துறைமுகத் தாமதம் இவற்றோடுதான் என் நாள் போகிறது. ஆன்ட்டி இந்த ஊரின் கதையை ராஜாக்களின் வரிசையாகச் சொல்லாமல், யார் எதை விற்றார், யாருக்கு விற்றார், அந்தக் காசில் எதைக் கட்டினார் என்ற வழியில் சொன்னார். என்னைக் கட்டிப்போட்டது அதுதான். லாகோஸ் என்ற ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

டினுபு சதுக்கத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. 1960 சுதந்திரத்தின்போது லெபனான் சமூகத்தார் அன்பளிப்பாகக் கொடுத்த நீரூற்று இங்கே இருக்கிறது. சதுக்கத்துக்குப் பெயர் தந்த மேடம் எஃபுன்ரோயே டினுபு 19-ஆம் நூற்றாண்டின் பெரிய வணிகர்களில் ஒருவர். புகையிலை, உப்பு, துப்பாக்கி விற்றார், மனிதர்களையும் விற்றார். பின்னால் பாமாயில் வியாபாரத்துக்கு மாறினார். அரண்மனையில் அவர் சொல் எடுபட்டது. அந்தச் செல்வாக்கே ஆங்கிலேயத் தூதரின் கண்ணை உறுத்தி, 1856-இல் லாகோஸிலிருந்து வெளியேற்றப்பட்டார். அபெயோகுட்டா நகருக்குப் போய், அங்கே அண்டை நாடான தஹோமியின் படையெடுப்பின்போது ஊருக்கு ஆயுதம் கொடுத்து உதவி, பெண்களின் தலைவி என்ற இயாலோடே பட்டம் பெற்றார். அவருடைய அடிமை வியாபாரத்தை ஆன்ட்டி மறைக்கவும் இல்லை, அதை மட்டும் சொல்லி அவரைத் தள்ளிவிடவும் இல்லை. எங்களோடு வந்த ஒரு கல்லூரி மாணவி, "அப்படியென்றால் சதுக்கத்தின் பெயரை மாற்ற வேண்டாமா?" என்று கேட்டாள். அதற்கு ஆன்ட்டி, "பெயரை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லு மகளே" என்றார்.

அதே சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். இலோஜோ பார் இருந்த இடம் அது. 1855 வாக்கில் ஃபெர்னாண்டஸ் குடும்பம் கட்டிய பிரேசில் பாணிக் கட்டடம். வளைவு வளைவான வாசல்கள், மாடியில் இரும்புக் கைப்பிடி. 1956-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டும், 2016 செப்டம்பரில் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆன்ட்டி தன் கைபேசியில் வைத்திருந்த பழைய படத்தை அந்த வெற்றிடத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். சட்டத்தின் பாதுகாப்பு இருந்த கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவற்றை யார் காப்பாற்றுவது என்று எனக்குக் கோபமாகவே வந்தது, இன்றும் அந்தக் கோபம் போகவில்லை.

அங்கிருந்து மார்ட்டின்ஸ் தெருவில் ஷிட்டா பே மசூதி. 1894-இல் திறக்கப்பட்டது. கட்டியவர் முகமது ஷிட்டா. அவருடைய பெற்றோர் யொரூபாக்கள், அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு சியரா லியோனில் குடியேறியவர்கள். அங்கேயே பிறந்த மகன், பின்னாளில் நைஜர் ஆற்று வணிகத்தில் கோலாக் கொட்டையும் தோலும் விற்றுப் பெரும் பணம் சேர்த்தார். மசூதித் திறப்பின்போது துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவருக்கு பே என்ற பட்டத்தை அனுப்பிவைத்தார், அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. மசூதியைக் கட்டிய கொத்தனார் பிரேசிலிலிருந்து திரும்பிய கத்தோலிக்கர், ஜோவாவ் பாப்டிஸ்டா ட கோஸ்டா. முகப்பைக் கவனித்தால் சர்ச்சுகளில் வருகிற சுதைப் பூவேலையும் சுருளும் தெரியும். கத்தோலிக்கக் கொத்தனார் கை, முஸ்லிம் வணிகர் காசு, துருக்கி சுல்தானின் பட்டம், திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கியவர் ஆங்கிலேய கவர்னர் கார்ட்டர். அன்றைய லாகோஸ் முழுவதும் அந்த ஒரு சுவரில் இருக்கிறது. இங்கே இன்னும் கால் மணி நேரம் நிற்க விட்டிருக்கலாம்.

இடுமோட்டா வழியாகத் தீவின் பழைய பேட்டையான இசாலே ஏகோவுக்குள் நுழைகிறோம். ஓபாவின், அதாவது லாகோஸ் அரசரின், அரண்மனை இகா இடுங்கன்ரான் இங்கேதான். இந்தத் தீவில் முதலில் குடியேறியவர்கள் அவோரி மக்கள், யொரூபாவில் ஒரு பிரிவினர். அரண்மனை நிற்கும் இடம் அரோமிரே என்ற தலைவரின் மிளகாய்த் தோட்டமாக இருந்ததாகச் சொல்கிறார்கள். கிழக்கே இருந்த பழைய பெனின் ராஜ்யம் வந்து தன் ஆட்சியை ஊன்றியபோது அந்தத் தோட்டத்தில்தான் அரண்மனை எழுந்தது. அரோமிரே போன்ற நிலவுடைமைத் தலைவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வெள்ளைத் தொப்பி அணிந்து அரண்மனைச் சடங்குகளில் உட்காருகிறார்கள். அரண்மனைக்குள் எங்களை விடவில்லை, அன்றைக்கு ஏதோ குடும்பக் கூட்டம். வெளியே நின்றே கேட்டோம். இது முன்கூட்டியே சொல்லப்பட்ட விஷயம்தான், ஆகவே குறையாகச் சொல்லவில்லை.

1851-இன் குண்டுவீச்சு பற்றி ஆன்ட்டி அங்கே விளக்கியது இந்த நடையின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. அரியணைக்கு இரண்டு பேர்: அகிடோயே, அவருடைய அண்ணன் மகன் கோசோகோ. 1845-இல் கோசோகோ அகிடோயேவை விரட்டிவிட்டுப் பட்டத்துக்கு வந்தார். விரட்டப்பட்டவர் ஆங்கிலேயரிடம் போய், என்னைத் திரும்ப உட்காரவைத்தால் அடிமை வியாபாரத்தை நிறுத்துகிறேன் என்றார். அப்போது லாகோஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய அடிமைத் துறைமுகங்களில் ஒன்று. ஆங்கிலேயர்களுக்கு அதே சமயம் பாமாயிலும் வேண்டியிருந்தது, சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் இயந்திரங்களுக்கு மசகாகவும். நவம்பரில் ஒரு முறை தாக்கிப் பின்வாங்கிய கடற்படை, டிசம்பர் 26-ஆம் தேதி மறுபடி வந்து மூன்று நாளில் ஊரை எரித்துப் பிடித்தது. 1852 ஜனவரி 1-ஆம் தேதி அகிடோயே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடிமை ஒழிப்புக்காக வந்தார்களா, வியாபாரத்துக்காகவா என்று கேட்டோம். "இரண்டும் ஒரே கப்பலில் வந்தது" என்றார் ஆன்ட்டி.

பத்து வருஷம் கூடத் தாங்கவில்லை. அகிடோயேவின் மகன் டோசுன்மு ஆண்டபோது, 1861 ஆகஸ்டில், ப்ரோமிதியஸ் என்ற போர்க்கப்பலை எதிரே நிறுத்தி மிரட்டித் தீவையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு அவருக்கு ஆண்டு ஓய்வூதியம்: 1,200 மூட்டை சோழி. கணக்குப் பிள்ளை என்பதால் எனக்கு இதைச் சும்மா விட மனமில்லை, மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஆன்ட்டி பையிலிருந்து ஒரு சோழிச் சரத்தை எடுத்தார். நூலில் கோத்த 40 சோழிகள், முதுகு உடைத்துத் துளையிட்டவை, மஞ்சள் ஏறிய வெள்ளை நிறம். நாற்பது சோழி ஒரு சரம், ஐம்பது சரம் ஒரு தலை, பத்துத் தலை ஒரு மூட்டை. அதாவது மூட்டைக்கு 20,000. அப்படியானால் வருஷத்துக்கு 2 கோடியே 40 லட்சம் சோழி. சரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். நம் ஊரில் தாயம் உருட்டும் அதே சோழி இனம். பழைய காலத்தில் மாலத்தீவிலிருந்தும், 19-ஆம் நூற்றாண்டில் சான்சிபாரிலிருந்தும் கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கே வந்து பணமாகியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பொறுக்கிய ஓட்டைக் கொடுத்து அட்லாண்டிக் கரையில் ஒரு தீவையே வாங்கியிருக்கிறார்கள். இதை அங்கே நின்று, கையில் அந்தச் சரத்தோடு கேட்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

அடுத்து அவர் சொன்ன வழக்கு என்னை நேராகத் தொட்டது. 1913-இல் காலனி அரசு அப்பாப்பாவில் 255 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. நிலத்துக்குரிய வெள்ளைத் தொப்பித் தலைவர் அமோடு டிஜானி, ஓலுவா என்ற பட்டத்தைச் சுமந்தவர். நிலம் அவருடையதே அல்ல, அவருக்கு வெறும் கட்டுப்பாட்டு உரிமைதான், முழு நஷ்டஈடு தர முடியாது என்றது அரசு. அவர் விடவில்லை. காலனிகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். கூடப் போனவர் ஹெர்பர்ட் மெக்காலே, சர்வேயராக இருந்து அரசியலுக்கு வந்தவர், நைஜீரிய தேசியத்தின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுபவர். ஓபா எஷுக்பாயி எலெகோவின் செங்கோலைக் கையில் ஏந்தி அவர் லண்டன் தெருக்களில் நடந்தார். 1921-இல் தீர்ப்பு தலைவருக்குச் சாதகமாக வந்தது, நஷ்டஈடு 22,500 பவுண்டு. நிலம் சமூகத்துக்குச் சொந்தம் என்ற உரிமையை ஏற்றுக்கொண்ட அந்தத் தீர்ப்பைப் பிற்காலத்தில் வேறு நாடுகளின் பூர்வகுடி வழக்குகளிலும் எடுத்துக் காட்டினார்கள். நான் தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போய் வரும் அப்பாப்பா அது. என் அலுவலகத்தில் இத்தனை காலம் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. மறுநாள் எங்கள் கிளியரிங் ஏஜென்ட்டிடம் சொன்னேன், தீவுக்காரரான அவருக்கு வழக்கின் பெயர் முதற்கொண்டு தெரிந்திருந்தது.

அந்த வெற்றியின் விலையை ஓபா கொடுத்தார். செங்கோலோடு மெக்காலே லண்டனில் பேசிய பேச்சுகளால் ஆத்திரப்பட்ட அரசு 1925-இல் எஷுக்பாயியைப் பட்டத்திலிருந்து இறக்கி ஓயோவுக்கு நாடுகடத்தியது. அதையும் வழக்காடியே 1931-இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஏயோ விழா பற்றி ஆன்ட்டி அரண்மனை வாசலில் கொஞ்சம் பேசினார். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுத்து, முகம் மூடி, கையில் பனைத்தண்டோடு ஊர்வலம் வருவார்கள். எந்தக் குடும்பம் என்பது தொப்பியின் நிறத்தில் தெரியும். முதல் ஏயோ 1854 பிப்ரவரி 20-ஆம் தேதி, மறைந்த அகிடோயேவின் நினைவாக. வருஷா வருஷம் நடப்பதில்லை. உங்கள் காலத்தில் நடந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், செருப்போடு எதிரே நின்றால் அடி விழும் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை.

பிறகு கிழக்கே திரும்பி, பிரேசில் பேட்டை. போபோ அகுடா என்பார்கள். இங்கே ஆன்ட்டியின் நடை வேகமே மாறிவிட்டது, இது அவர் வீடு. 1835-இல் பிரேசிலின் பாயியாவில் முஸ்லிம் யொரூபா அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அது அடக்கப்பட்டபின் அங்கே விடுதலை பெற்ற கறுப்பர்களின் வாழ்க்கையும் நெருக்கடியானது. காசு சேர்த்துக் கப்பல் டிக்கெட் வாங்கி, சிலர் வெளியேற்றப்பட்டும், அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்தார்கள். வந்தவர்களுக்கு அகுடா என்று பெயர். சியரா லியோனிலிருந்து வந்தவர்கள் சாரோ. சாரோக்கள் ஆங்கிலம் படித்து வக்கீல், பாதிரி, பத்திரிகைக்காரர் ஆனார்கள். அகுடாக்கள் கையில் தொழிலோடு வந்தார்கள்: கொத்தனார், தச்சர், தையற்காரர், ரொட்டி சுடுபவர். தீவின் அழகான பழைய வீடுகள் பெரும்பாலும் இவர்கள் கை. தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே போங்கள்: காம்போஸ், பெட்ரோ, ட சில்வா, பெரெய்ரா.

ஒரு வீட்டின் முன் ஆன்ட்டி எங்களை நிறுத்தினார். பெயர்ப்பலகை எதுவும் இல்லை, யாரோ குடியிருக்கிறார்கள், திண்ணையில் ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு மேலே ஒரு சுதைக் கொடி. காவி வண்ணம் பல பூச்சு ஏறியிருந்தும் இலையின் நரம்பு தெரிகிறது. ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. கொடியின் ஒரு பக்கத்தில் ஆறு இலை, மறுபக்கத்தில் ஐந்து. கொத்தனார் இடம் போதாமல் ஒன்றை விட்டிருக்கிறார். எந்த அருங்காட்சியகத்திலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. படம் எடுக்குமுன் ஆன்ட்டி பாட்டியிடம் அனுமதி கேட்டார், பாட்டி வேண்டாம் என்றார், நாங்கள் எடுக்கவில்லை. அது சரியான வழக்கம்.

ககாவா தெருவில் தண்ணீர் வீடு. ஜோவாவ் எசான் ட ரோச்சா சிறுவனாக இருந்தபோது பிடிக்கப்பட்டு பிரேசிலுக்கு விற்கப்பட்டவர். 1870-களில் குடும்பத்தோடு திரும்பி இந்த வீட்டைக் கட்டினார். உள்ளே ஒரு கிணறு. சுற்றிலும் உப்புக் கழிமுகமும் சதுப்பும் உள்ள தீவில் நல்ல தண்ணீர் கிடைப்பது அபூர்வம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை விற்றார்கள், வீட்டுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. மகன் கான்டிடோ ட ரோச்சா லாகோஸின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார், 1959 வரை வாழ்ந்தார். 1915-இல் இஜுவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்கு வரி போட்டபோது ஊரே எதிர்த்தது. கிணறு வைத்திருக்கும் எங்களுக்கு ஐரோப்பியர்களுக்கான குழாய்க்கு ஏன் வரி என்பது அவர்கள் வாதம். இன்றும் லாகோஸில் பெரும்பாலான வீடுகள் சொந்த ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பித்தான் இருக்கின்றன. என் வீட்டுக்கும் லாரிதான் வருகிறது. வீட்டுக்குள் போக முடியாது, தனியார் சொத்து.

புனித சிலுவைப் பேராலயத்தைக் கடந்தபோது பூசை நடந்துகொண்டிருந்ததால் உள்ளே போகவில்லை. மரீனாவின் ஆங்கிலிகன் பேராலயத்திலும் அதே நிலைமை. உள்ளே சாமுவேல் அஜாயி க்ரவுதரின் நினைவிடம் இருக்கிறது. 1821-இல் சிறுவனாக அடிமையாகி, கடலில் ஆங்கிலக் கடற்படையால் மீட்கப்பட்டு, 1864-இல் முதல் ஆப்பிரிக்க ஆங்கிலிகன் பிஷப்பானவர், மெக்காலேயின் தாய்வழித் தாத்தா. இதை மட்டும் பார்க்க வேறொரு நாள் தனியாகப் போங்கள்.

நடை முடியும் ஃப்ரீடம் பார்க், பழைய பிராட் தெருச் சிறை. 1882-இல் மண் சுவரோடு கட்டி, 1885-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த செங்கல்லால் மாற்றினார்கள். மெக்காலேயும், பிற்கால அரசியல் தலைவர் அவோலோவோவும் உள்ளே இருந்தவர்கள். 1970-களில் சிறையை இடித்தார்கள், வெகுநாள் குப்பைமேடாகக் கிடந்தது. கட்டடக் கலைஞர் தியோ லாசனின் வடிவமைப்பில், நைஜீரிய சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டான 2010-இல் பூங்காவாகத் திறந்தார்கள். சிறை அறைகளின் அளவைத் தரையிலும் சட்டங்களிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குள் நின்று கையை விரித்துப் பாருங்கள், போதும். தூக்குமேடை இருந்த இடம் இப்போது பாட்டும் நாடகமும் நடக்கும் மேடை.

சாப்பாடு கட்டணத்தில் சேராது. பூங்காவின் உணவுக் கடைகளில் ஜொலோஃப் என்ற தக்காளிச் சோறு, சுயா என்ற காரமான சுட்ட இறைச்சி, குளிர்ந்த கள் எல்லாம் கிடைக்கும். ஆன்ட்டி எங்களுக்கு வழியில் வாங்கி வைத்திருந்த அகாராவைக் கொடுத்தார். தட்டைப்பயற்றைத் தோல் நீக்கி அரைத்து வெங்காயம் மிளகாய் சேர்த்துப் பொரித்தது, நம் வடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமைக் கப்பலில் போன பெண்களோடு இதுவும் பிரேசில் போய், பாயியாவில் அகராஜே என்ற பெயரில் இன்றும் தெருவில் விற்கிறது. திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது ஃப்ரெஜோன்: அவித்து மசித்த பயறும் தேங்காய்ப் பாலும், மீன் குழம்போடு. புனித வெள்ளியன்று அகுடா வீடுகளில் செய்து அக்கம்பக்கத்துக்கு அனுப்புவார்கள். தன் பாட்டி பயற்றை விடியுமுன் அம்மியில் அரைத்ததைச் சொல்லும்போது ஆன்ட்டியின் கண் கலங்கியது.

இனி குறைகள். குழு பெரிது. நாங்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம், ஜெனரேட்டர் சத்தத்தில் பின்னால் நிற்பவர்களுக்குப் பாதி காதில் விழவில்லை. ஒரு சின்ன ஒலிபெருக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டால் தீர்ந்துவிடும். கொடுத்த வரைபடத் தாள் மங்கலான நகல், தெருப் பெயர் படிக்க முடியவில்லை. வழியில் கழிப்பறை இல்லை, தொடங்குமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அவோரி காலமும் பெனின் காலமும் பத்து நிமிஷத்தில் ஓடிவிட்டன, ஐரோப்பியர் வந்தபின்தான் கதை சூடு பிடிப்பதுபோல் ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அரண்மனைப் பெரியவர் ஒருவரை அழைத்து அரை மணி நேரம் பேசவைக்கலாம். அதைவிடப் பெரிய குறை, 1950-களின் இடிப்பை விட்டுவிட்டது. 1924-இல் பிளேக் வந்தபின் 1928-இல் அமைத்த லாகோஸ் வளர்ச்சி வாரியம், 1955 முதல் சேரி ஒழிப்பு என்று சொல்லித் தீவின் நடுப்பகுதியில் வீடுகளை இடித்து, மக்களைத் தீவுக்கு வெளியே பெருநிலத்திலுள்ள சுருலேரேவுக்கு அனுப்பியது. தலைமுறைகளாகத் தெருவோரம் விற்றுப் பிழைத்தவர்களுக்கு வாடிக்கையாளரே இல்லாத இடம் அது. வியாபாரத்தின் வழியாக ஊரைச் சொல்லும் ஒரு நடையில் இது கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆன்ட்டியிடம் தனியாகச் சொன்னேன். நேரம் போதவில்லை, தனி நடையாகப் போட யோசிக்கிறோம் என்றார். போட்டால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

இதற்கு முன் இன்னொரு நிறுவனத்தின் ஏசி வேன் சுற்றுலாவில் போயிருக்கிறேன். அதில் ஊரின் வரலாறு சுதந்திரத்தில் தொடங்கி மூன்றாம் பெருநிலப் பாலத்தில் முடிந்தது, இறங்கியது படம் எடுக்க மட்டும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் வேன் பரவாயில்லை. மற்ற எல்லோருக்கும் இந்த நடையைத்தான் சொல்வேன். ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், ஜூனில் போனால் மழையில் சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர். மூடிய செருப்பு, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர். மசூதி வாசலுக்காகத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. சில்லறை நைரா கையில் இருக்கட்டும், அகாரா விற்கும் அம்மாவிடம் கார்டு தேய்க்க முடியாது. பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் பத்து வயதுக்கு மேல் சரியாக இருக்கும். நடை முடிந்ததும் தெம்பு இருந்தால் ஒனிகானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள், பக்கம்தான். 1976 பிப்ரவரி 13-ஆம் தேதி நாட்டின் அன்றைய ராணுவ ஆட்சித் தலைவர் ஜெனரல் முர்தாலா முகமது சுட்டுக் கொல்லப்பட்ட கார் குண்டுத் துளைகளோடு அங்கே நிற்கிறது. எதிரே புதிதாகத் திறந்திருக்கும் ஜான் ரேண்டில் மையம் யொரூபா வரலாற்றுக்கென்றே கட்டியது, நடையில் விடுபட்ட பழைய காலத்தை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம். டாக்டர் ரேண்டில் 1928-இல் லாகோஸ் பிள்ளைகள் நீச்சல் கற்கத் தன் செலவில் கட்டிக்கொடுத்த குளத்தையும் அங்கேயே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.